பனிக்குடத்தில் தண்ணி கூடினால் குழந்தையின் தசை பலவீனமாகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் கர்ப்பிணிகள் ஓ.பி.யில் ஸ்டாஃப் நர்ஸாக ரொம்ப வருஷம் நின்றவள் நான். ஸ்கேன் ரிப்போர்ட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வந்து என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. காசிமேட்டு மாமியார்கள் கேட்டது, வியாசர்பாடி ஆட்டோக்கார அண்ணன்கள் கேட்டது, தலைப்பிள்ளை சுமக்கிற பெண்கள் கேட்டது எல்லாம் கலந்திருக்கிறது.

"சிஸ்டர், ரிப்போர்ட்ல 'லிக்கர்' அதிகம்னு போட்டிருக்கே?"

அது சாராயம் இல்லை. இந்த வார்த்தையைப் படித்துவிட்டு ஒரு மாமியார் மருமகளை முறைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன். பனிக்குட நீரை டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

இந்த நீர் 20 வாரத்தில் சுமார் 400 மில்லி இருக்கும். 32-34 வாரத்தில் 800 மில்லியிலிருந்து ஒரு லிட்டர் வரை ஏறி, அப்புறம் மெல்ல இறங்கும். ஸ்கேனில் ஊற்றி அளக்க முடியாது. வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர் எவ்வளவு ஆழம் என்று சென்டிமீட்டரில் பார்த்துக் கூட்டுவார்கள். ரிப்போர்ட்டில் 'ஏ.எஃப்.ஐ.' என்று இருப்பது அந்தக் கூட்டுத்தொகைதான். 24 அல்லது அதற்கு மேல் போனால் அதிகம். சில இடங்களில் 25 என்று கோடு போடுவார்கள். 30க்குள் இருந்தால் லேசானது, 30 முதல் 35 வரை நடுத்தரம், 35ஐத் தொட்டால் தீவிரம். ஒரே குழியை மட்டும் அளக்கிற டாக்டர்களும் உண்டு, அவர்களுக்கு 8 செ.மீ.தான் எல்லை. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில் இது வரும்.

"இவ்ளோ தண்ணியில கிடந்தா புள்ளையோட கை கால் தசை வளராம போயிடுமா?"

போகாது. ஆனால் இந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் அதில் விஷயம் இருக்கிறது.

உங்கள் வீட்டு சம்ப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மெட்ரோ தண்ணி வருகிறது, இன்னொரு பக்கம் மோட்டார் உறிஞ்சி மாடிக்கு ஏற்றுகிறது. இரண்டும் ஒழுங்காக நடந்தால் சம்ப்பில் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். மோட்டார் ஓடவில்லை என்றால் சம்ப் நிரம்பி வாசலில் வழியும். வழிந்த தண்ணியால் மோட்டார் கெட்டது என்று யாராவது சொல்வோமா?

வயிற்றுக்குள்ளும் அதேதான். நாலைந்து மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். அந்த நீரைக் குழந்தையே விழுங்கும், குடல் உறிஞ்சும், சிறுநீரகம் வடிகட்டித் திரும்ப வெளியே விடும். கொஞ்சம் நீர் நச்சுக்கொடி மேலிருக்கிற ரத்தக்குழாய் வழியாகவும் உள்ளே போகும். குழந்தை விழுங்கப் பழகுவது 11-12 வாரத்திலேயே ஆரம்பிக்கிறது. பிரசவம் நெருங்கும்போது ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் விழுங்கும். விழுங்குவது தசையின் வேலை: நாக்கு, தொண்டை, தாடை எல்லாம் சேர்ந்து செய்ய வேண்டும். தசையோ, அதை இயக்கும் நரம்போ பலவீனமாக இருக்கிற குழந்தைக்கு விழுங்க முடியாது. அப்போதுதான் நீர் தேங்குகிறது.

1983-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. வயிற்றுக்குள் இருந்த எலிக் கருக்களுக்கு, தசையை முடக்குகிற 'குராரே' என்ற அம்பு நஞ்சை ஊசியாகப் போட்டார்கள். அந்தக் கருக்களின் மூட்டுகள் மடங்கி இறுகிவிட்டன, நுரையீரல் சிறுத்தது, தொப்புள்கொடி குட்டையானது, பனிக்குட நீர் கூடியது. முடக்கப்பட்டது தசை மட்டும்தான், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை. தொப்புள்கொடிகூட, குழந்தை உதைத்து இழுத்தால்தான் நீளும். 'கொடி மாலையா சுத்தியிருக்கு' என்று அழுகிறவர்களிடம் நான் சொல்வது: சுத்துகிற அளவுக்குக் கொடி நீளமாக இருக்கிறதே, அந்தப் பிள்ளை ஆடியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"அப்ப என் புள்ளைக்குத் தசை நோயா?"

பெரும்பாலும் இல்லை. லேசாகக் கூடிய நீரில் பாதிக்கு மேல் காரணமே கிடைக்காது, குழந்தையும் நன்றாகவே பிறக்கும். காரணம் கிடைக்கும்போது வரிசையில் முதலில் நிற்பது தாயின் சர்க்கரை. அடுத்து உணவுக்குழாயிலோ சிறுகுடலிலோ அடைப்பு. இங்கே குழந்தை விழுங்கினாலும் நீர் கீழே இறங்காது. ஆர்.ஹெச். நெகட்டிவ் தாய்களில் குழந்தைக்கு ரத்தசோகை வந்தும் நீர் கூடலாம். சில கிருமித் தொற்றுகள் உண்டு. ஒரே நச்சுக்கொடியைப் பகிர்கிற இரட்டையரில் ஒன்றுக்கு ரத்தம் அதிகமாகப் போய், அதன் பையில் மட்டும் நீர் பெருகும்.

தசை, நரம்பு நோய்கள் இந்த வரிசையின் கடைசியில் வருகிற அபூர்வங்கள். ஆனால் அளவு ஏற ஏற அக்கறையும் ஏற வேண்டும். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நீர் லேசாகக் கூடியவர்களில் 8 சதவீதக் குழந்தைகளுக்கும், தீவிரமாகக் கூடியவர்களில் 31 சதவீதத்துக்கும் ஏதோ ஒரு பிறவிக் குறை இருந்தது. தசைக் குறை மட்டும் அல்ல, எல்லாக் குறைகளும் சேர்ந்த கணக்கு அது. ஏ.எஃப்.ஐ. 25 என்று வந்தவரும் 38 என்று வந்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே அளவுக்கு அழுவதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தோன்றும்.

"தண்ணி குறைஞ்சாதானே ஆபத்துன்னு எங்க அத்தை சொல்றாங்க?"

அத்தை சொல்வதில் பாதி சரி. கை கால் உருவத்தைப் பொறுத்தவரை குறைந்த நீர்தான் நேரடியாகக் கெடுக்கும். நீட்டி மடக்க இடமில்லாமல் பாதம் வளையும், மூட்டு இறுகும், நுரையீரல் விரியாது. 1998-ல் வெளியான கனடா ஆய்வில், 11-12 வாரத்திலேயே ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுத்த கர்ப்பங்களில் 1.3 சதவீதக் குழந்தைகளுக்குப் பாதம் வளைந்திருந்தது. 15 வாரத்துக்குப் பிறகு எடுத்தவர்களில் அது 0.1 சதவீதம்தான். அதனால்தான் இப்போது அந்த ஊசியை 15 வாரத்துக்கு முன் போடுவதில்லை.

கூடிய நீரில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இவ்வளவு இடம் இருந்தும் ஒரு குழந்தையின் பாதம் வளைந்து, முழங்கால் நீட்டியபடி நின்றிருந்தால், தடுத்தது இடம் அல்ல, குழந்தையால் அசைக்க முடியவில்லை. நீர் அதிகமும் மூட்டு இறுக்கமும் சேர்ந்து வந்தால் டாக்டர் முகம் மாறுவது இதனால்தான்.

"புள்ள துள்றதே தெரியல. தண்ணியாலயா, இல்ல புள்ளைக்கே தெம்பு இல்லையா?"

இரண்டும் நடக்கும், வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. குழந்தைக்கும் உங்கள் வயிற்றுச் சுவருக்கும் நடுவில் நீர் மெத்தை போல நின்றால், நன்றாக உதைத்தாலும் உங்களுக்கு மந்தமாகத்தான் தெரியும். நச்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருந்தாலும் அப்படியே.

சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றாலும், நேற்றை விட இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது என்று மனசுக்குப் பட்டாலும், அன்றே கிளம்புங்கள். 'ஆடி வெள்ளி முடியட்டும்' என்று தள்ளிப்போட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்வி ஒன்று: முன்பு நன்றாகத் துள்ளி இப்போது குறைந்ததா, அல்லது ஆரம்பத்திலிருந்தே துள்ளல் குறைவா? தலைப்பிள்ளைக்கு 18-20 வாரத்தில் அசைவு தெரிய ஆரம்பிக்கும், அடுத்த பிள்ளைக்கு இன்னும் முன்னாலேயே தெரியும். முதல் பிள்ளை போல இது ஒரு நாளும் உதைக்கவே இல்லை என்று நீங்கள் சொல்கிற ஒரு வரி, சில நேரம் ஸ்கேனை விடப் பெரிய துப்பு.

"ஸ்கேன்ல தசை தெரியுமா?"

தசையின் பலம் தெரியாது, அது செய்கிற வேலை தெரியும். அதற்கு அவசரமில்லாத ஸ்கேன் வேண்டும். ஐந்து நிமிஷத்தில் முடித்துப் படத்தைக் கையில் கொடுக்கிற ஸ்கேன் போதாது.

ஒரு மூத்த ஸ்கேன் டாக்டரின் பக்கத்தில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் குழந்தையின் வயிற்றைத் தேடினார். குழந்தை விழுங்கியிருந்தால் இரைப்பை கறுப்புப் பொட்டு மாதிரி தெரியும். பொட்டு மிகச் சிறியதாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார், பெரிதாகவில்லை. அடுத்து கைக்குப் போனார். சாதாரணமாகக் குழந்தை விரலை மூடும், விரிக்கும், கட்டைவிரலை வாயில் வைக்கும். இந்தக் கை மூடியே இருந்தது. தாயை நடந்துவிட்டு வரச் சொன்னார், தண்ணி குடிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை பார்த்தபோது மூடின கை விரிந்து, குழந்தை கொட்டாவி விட்டது. அறையில் இருந்த எல்லாரும் மூச்சு விட்டோம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது! வயிற்றுக்குள் குழந்தை 20 நிமிஷம், சில நேரம் 40 நிமிஷம்கூடத் தூங்கும். அதனால் ஒரு தடவை அசையவில்லை என்பதை வைத்து யாரும் தசை நோய் என்று எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது.

இதைத் தவிர தாடை சிறுத்திருக்கிறதா, பாதம் உள்ளே திரும்பியிருக்கிறதா, மார்பு அசைந்து மூச்சுப் பயிற்சி செய்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த மூச்சு அசைவு இல்லாவிட்டால், சுற்றிலும் எவ்வளவு நீர் இருந்தாலும் நுரையீரல் சரியாக வளராது. பிறந்தவுடன் பெரிய ஆபத்து அங்கிருந்துதான் வரும், கை காலிலிருந்து அல்ல.

"அஞ்சாம் மாச ஸ்கேன் நல்லா இருக்குன்னாங்களே, இப்ப எங்கிருந்து வந்தது?"

18-20 வாரத்தில் எலும்பு, இதயம், மூளை, சிறுநீரகம் தெரியும். அந்த நேரத்தில் குழந்தை விழுங்குவது கொஞ்சம்தான். அதனால் விழுங்காவிட்டாலும் நீர் மட்டம் உடனே ஏறாது. ஏழாம் மாதத்தை ஒட்டித்தான் வித்தியாசம் வெளியே வரும். அந்த ஸ்கேன் பொய் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய நேரம் அப்போது வந்திருக்கவில்லை.

"டாக்டர் என் கையைப் பிடிச்சு அழுத்தச் சொன்னாரு. எனக்கு எதுக்கு டெஸ்ட்?"

இது ரொம்ப நல்ல டாக்டர் செய்கிற வேலை. 'மயோடோனிக் டிஸ்ட்ரோபி' என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. பிடித்த பிடியை உடனே விட முடியாது, விரல்கள் மெதுவாகத்தான் திறக்கும். பெரியவர்களில் இது ரொம்ப லேசாக இருக்கலாம் என்பதால் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. ஆனால் பிறவியிலேயே கடுமையாக வருகிற வகை, கிட்டத்தட்ட எப்போதும் தாய் வழியாகத்தான் குழந்தைக்குப் போகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுப் பிழை நீண்டுகொண்டே போகும். அந்தப் பிழையை 1992-ல் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் ஓ.பி.யில் ஒரு பெண்ணிடம் டாக்டர், "அடி பம்பு அடிச்சிட்டு கைய எடுக்கும்போது ஒட்டிக்கிற மாதிரி இருக்குமாம்மா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். "ஆமா சார், மார்கழி மாசம் ரொம்ப. நாலு தடவ அடிச்சா சரியாயிடும்." குளிரில் கூடுவதும், திரும்பத் திரும்பச் செய்தால் இளகுவதும் அந்த நோயின் கையெழுத்து. அவள் அதை வியாதி என்று நினைத்ததே இல்லை. எங்க அம்மாவுக்கும் அப்படித்தான் என்றாள்.

இன்னொன்று 'மயஸ்தீனியா'. இமை தொங்கும், சாயங்காலம் ஆக ஆகக் களைப்பு கூடும். தாயின் ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்பொருள் நச்சுக்கொடி தாண்டிப் போய்க் குழந்தையின் தசையையும் அசையவிடாமல் செய்யலாம். இதற்கு மருந்து இருப்பதால் கண்டுபிடித்தால் லாபம்.

"நாங்க சொந்தத்துல கட்டினோம். அதனாலயா?"

சில தசை நோய்கள், தாய் தகப்பன் இருவரிடமும் ஒரே மரபணுப் பிழை மறைந்திருந்தால்தான் வரும். மாமன் மகள், அக்கா மகள் கட்டுகிற வீடுகளில் ஒரே பிழை இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுதல். அப்படி இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகத்தான் குலுக்கப்படுகிறது.

தாய் வழியில் ஆண் குழந்தைகள் பிறந்ததும் மூச்சுத் திணறி இறந்த கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தாய் மூலம் மகன்களை மட்டும் கடுமையாகத் தாக்குகிற தசை நோய் ஒன்று உண்டு. 'கண்ணு பட்டுச்சு', 'காத்து கருப்பு' என்று வீட்டில் மூடி வைத்த மரணங்கள் எத்தனையோ இந்தப் பக்கத்தில் இருக்கின்றன. டாக்டரிடம் அதைத் திறந்து சொல்வதில் அவமானம் இல்லை.

"தண்ணி குடிக்கிறத குறைக்கட்டுமா? பார்லி கஞ்சி, நீர்முள்ளி கஷாயம்?"

நீங்கள் குடிக்கிற கேன் தண்ணி நேராகப் பனிக்குடத்தில் போய் நிற்பதில்லை. சென்னை வெயிலில் குடிநீரைக் குறைத்தால் மயக்கமும் நீர்க்கடுப்பும்தான் மிச்சம். பார்லி கஞ்சி பசிக்குக் குடிக்கலாம், பனிக்குட நீர் அதனால் இறங்காது. நாட்டு மருந்துக் கடைக் கஷாயம் எதையும் டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம்.

"சர்க்கரை இருந்தா?"

75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. முன்பு நார்மல் என்று வந்திருந்தாலும், நீர் கூடினால் மறுபடி பார்ப்பார்கள். தாயின் சர்க்கரை ஏறினால் குழந்தைக்கும் ஏறி, அது அதிகம் சிறுநீர் கழிக்கும். இங்கே விழுங்கலில் கோளாறு இல்லை. தசை என்று பார்த்தால், கட்டுப்படாத சர்க்கரையில் குழந்தையின் இதயத் தசை தடிக்கலாம். பெரும்பாலும் பிறந்த சில மாதங்களில் அது தானாகச் சரியாகும். சர்க்கரையைப் பிடித்தால் நீரும் பெரும்பாலும் பிடிபடும்.

"ஊசி போட்டு தண்ணிய எடுத்துட்டா புள்ள சரியாயிடுமா?"

நீர் எடுப்பது உங்களுக்காக. படுக்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, வயிறு கல்லாக இறுகுகிறது என்றால் மெல்லிய ஊசியால் மெதுவாக வடிப்பார்கள். காரணம் உள்ளேயே இருந்தால் மறுபடி நிறையும். எடுத்த நீரில் மரபணுச் சோதனை செய்யலாம் என்பது இன்னொரு பயன். குழந்தையின் சிறுநீரைக் குறைக்கிற மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் அது குழந்தையின் இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாயை முன்கூட்டியே சுருக்கக்கூடும். நீரைக் குறைப்பதற்காக மட்டும் அதை இப்போது கொடுப்பதில்லை.

"பெரிய குறைன்னு தெரிஞ்சா, ஏழு மாசத்துல என்ன செய்ய முடியும்?"

2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 24 வாரம் தாண்டினாலும், குழந்தைக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதி செய்தால் கர்ப்பத்தைக் கலைக்க அனுமதி உண்டு. தொடர்வதும் உங்கள் முடிவுதான். யாரும் அவசரப்படுத்தினால், "ஒரு நாள் டைம் கொடுங்க, மரபணு ஆலோசகர்கிட்ட பேசணும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

"பிரசவத்துக்கு எங்க போறது?"

நீர் அதிகம் என்றால் வீட்டுக்குப் பக்கத்துச் சின்ன கிளினிக்கை நம்ப வேண்டாம். ரத்த வங்கியும், பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.வும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். நம் பக்கத்தில் ராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம்., கொஞ்சம் தள்ளி எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனை. கர்ப்பப்பை மிதமிஞ்சி விரிந்திருப்பதால், பிரசவம் ஆனதும் சுருங்க மறுத்து ரத்தப்போக்கு அதிகமாகலாம்.

பனிக்குடம் வீட்டில் உடைந்து நீர் பாய்ந்தால், அந்த வேகத்தில் தொப்புள்கொடி குழந்தைக்கு முன்னால் நழுவி இறங்கும் ஆபத்து உண்டு. பைக்கில் உட்காராதீர்கள். இடது பக்கம் படுத்து, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். எண்ணூர் பக்கம் இருக்கிறவர்கள் கன்டெய்னர் லாரி வரிசையை மனசில் வைத்து, வலி வரும்வரை காத்திருக்காமல் டாக்டர் சொன்ன தேதிக்கே போய் அட்மிட் ஆகிவிடுவது நல்லது.

"பொறந்த புள்ள தொளதொளன்னு இருக்கு. தண்ணியில ஊறிப் போச்சா?"

ஊறவில்லை. முதலில் எத்தனை வாரத்தில் பிறந்தது என்று பாருங்கள். நீர் கூடினால் குறைமாதப் பிரசவம் சகஜம், குறைமாதக் குழந்தைக்கு இறுக்கம் குறைவாக இருப்பதும் சகஜம். 28 வாரத்தில் பிறந்தது கை காலை நீட்டிப் போட்டுத்தான் கிடக்கும். 34 வாரத்தை ஒட்டிக் கால் மடங்க ஆரம்பிக்கும். அதிக நீர் குழந்தையின் தசையை மறைமுகமாகத் தொடுகிற வழி என்றால் இதுதான், வளர வளர அது ஈடாகிவிடும்.

நிறைமாதக் குழந்தை தொளதொளவென்று இருந்து, அழுகை பூனைக்குட்டி மாதிரி மெல்லியதாக, பால் உறிஞ்ச முடியாமல், வாய் திறந்தே இருந்தால் கதை வேறு. முதல் பால் கொடுப்பதற்கு முன்பே மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டு உணவுக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், நீர் அதிகமிருந்த எல்லாக் குழந்தைக்கும் இதைக் கேட்டு வாங்குங்கள். அடைப்பு இல்லை என்றால் தசை, நரம்பு டாக்டர் பார்க்க வேண்டும், தாயின் கையையும் சேர்த்து. வளைந்த பாதம் மட்டும் என்றால் முதல் இரண்டு வாரத்துக்குள் மாவுக்கட்டு ஆரம்பிக்கலாம். வாரம் ஒரு கட்டு, ஐந்தாறு கட்டில் பெரும்பாலும் நேராகும், பிறகு பூட்ஸ்: முதல் மூன்று மாதம் கிட்டத்தட்ட நாள் முழுக்க, அப்புறம் தூங்கும்போது. அந்த பூட்ஸை 'பாவம் புள்ள அழுவுது' என்று பாட்டிகள் ராத்திரியில் கழற்றிவிடுவார்கள். அடுத்த மாதம் பாதம் மறுபடி வளைந்து ஓ.பி. வரிசையில் வந்து நிற்பார்கள். பாட்டியிடம் முதல் நாளே பேசி வையுங்கள்.